மறைத்து எடுத்துச் செல்லச் சிறிய கைத்துப்பாக்கி: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்கு முதல்முறை போகிறவரின் கண், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதிலேயே சின்னதன் மேல்தான் பெரும்பாலும் விழும். ரூகர் எல்சிபி போன்ற ஒன்றைக் கையில் எடுத்தால் கனம் வெறும் 270 கிராம். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பேன்ட் பையில் போட்டால் இருப்பதே தெரியவில்லை. வாங்கிவிடுவார். அடுத்த சனிக்கிழமை சுடுதளத்தில் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, சுட்டு முடிப்பதற்குள் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை கன்றிப்போகும். ஏழு கஜத்தில் தொங்கும் தாளில் ஓட்டைகள் திசைக்கொன்றாகச் சிதறியிருக்கும். இரண்டாவது பெட்டியைப் பிரிக்க மனம் வராது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கி அலமாரிக்குப் போகும். அதைவிட மோசம், பழகாமலேயே இடுப்பில் ஏறும்.

மறைக்க எளிதாக இருப்பதும் சுட எளிதாக இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கிற குணங்கள். எடையைக் குறைத்தால் உதைப்பு கூடும். பிடியைச் சுருக்கினால் விரல் நிற்க இடமிருக்காது. குழலைக் குட்டையாக்கினால் குறி தவறும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி “இருப்பதில் எது சின்னது?” என்பதல்ல. “நான் தினமும் போடும் உடைக்குள் மறைகிறவற்றில் எது பெரியது?” என்பதே.

வாங்க யாருக்கு உரிமை?

உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 4473 என்ற எண்ணுள்ள கூட்டரசுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். கஞ்சா பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்வியும் அதில் உண்டு. கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படியானதாக இருந்தாலும் அந்தப் படிவம் கூட்டரசுச் சட்டத்தின்படிதான் கேட்கிறது. அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. “வாங்கவில்லையே, நண்பரோடு போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுட்டுப் பார்த்தேன், அவ்வளவுதானே” என்பதும் பாதுகாப்பான பதில் இல்லை. கையில் வாங்கினாலே வைத்திருந்ததாகக் கருத முடியும். இதில் மாட்டினால் போவது விசா, வேலை இரண்டும். பச்சை அட்டை வைத்திருப்பவர் வாங்கலாம். ஆனால் அவர் மனைவியோ கணவரோ தற்காலிக விசாவில் இருந்தால், அவருக்குச் சாவியோ எண்ணோ கிடைக்காத பெட்டகத்தில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். இந்த நிலையில் உள்ள குடும்பம் வாங்கும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசிவிடுவது நல்லது. வாங்கத் தகுதியில்லாத ஒருவருக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவது சிறைக்குப் போகும் குற்றம்.

எடுத்துச் செல்லும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2022-ல் புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, “தனிக் காரணம் காட்டு” என்று கேட்டு உரிமம் மறுக்க மாநிலங்களால் முடியாது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் மறைத்து எடுத்துச் செல்லலாம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் அப்படித்தான். இருந்தும் டெக்சஸில் உரிமம் எடுத்துவைத்துக் கொள்வதே நல்லது. எல்லை தாண்டினால் பல மாநிலங்கள் அந்த அட்டையைத்தான் ஏற்கும். நியூயார்க் வேறெந்த மாநில அட்டையையும் ஏற்காது. எங்கே போனாலும் அஞ்சலகம், கூட்டரசு அலுவலகம் ஆகியவற்றுக்குள் கூடாது. டெக்சஸ் கடை வாசலில் 30.06 என்ற எண்ணோடு பலகை இருந்தால், உரிமம் இருந்தாலும் மறைத்து உள்ளே எடுத்துச் செல்லக் கூடாது என்று பொருள். பள்ளியைச் சுற்றிலும் கூட்டரசு வரம்பு இருக்கிறது. தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டியான மேகசினின் கொள்ளளவையும் பாருங்கள்: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் 10 தோட்டாதான் உச்சம்.

இடுப்பில் எது துருத்தும்?

புதியவர்கள் குழலின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் குழல் பேன்ட்டுக்குள் காலோடு ஒட்டிக் கீழே இறங்கிவிடும். சட்டைக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்பது பிடிதான். அது உடம்புக்குக் குறுக்கே பின்னோக்கியோ வெளிநோக்கியோ நீண்டு, குனிந்தால் துணியைக் கூடாரம்போல் தூக்கும். இப்படி வடிவம் தெரிவதைத்தான் அங்கே ‘பிரின்ட்’ ஆகிறது என்பார்கள். அதனால் மறைக்க வேண்டுமென்றால் முதலில் குறைய வேண்டியது பிடியின் உயரம். அடுத்தது தடிமன். கடைசியில்தான் குழல்.

2019-ல் வந்த க்ளாக் 43எக்ஸ், க்ளாக் 48 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டுக்கும் பிடி ஒன்றே. உயரம் 128 மில்லிமீட்டர். முதலாவதன் குழல் 87 மி.மீ., இரண்டாவதன் குழல் 106 மி.மீ. சட்டைக்குள் போனபிறகு எது எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சொல்லப்போனால் நீளமானது இன்னும் ஒழுங்காக உட்காரும். பெல்ட்டுக்குக் கீழே எடை இருப்பதால் பிடி வெளிப்பக்கம் சாய்வது குறைகிறது. குழல் குட்டையாகி, கனமெல்லாம் பெல்ட்டுக்கு மேலே நிற்கும் துப்பாக்கி தலைகனத்துச் சாயும்.

கடையில் மைக்ரோ, சப்காம்பாக்ட், காம்பாக்ட் என்று பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. மில்லிமீட்டரையும் கிராமையும் பாருங்கள். காம்பாக்டுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1988-ல் வந்த க்ளாக் 19: குழல் 102 மி.மீ., தடிமன் 34 மி.மீ., 15 தோட்டா. தோட்டா நிரப்பினால் சுமார் 850 கிராம். இதை இடுப்பில் மறைத்துத் தினமும் நடமாடுகிறவர்கள் ஏராளம். ஆனால் சட்டை கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே போகிறவர்களுக்கு ஒரு காலத்தில் மெல்லிய உடம்பில் 6 அல்லது 7 தோட்டா மட்டுமே கிடைத்தது. 2015-ல் வந்த க்ளாக் 43 அப்படிப்பட்டதுதான்: 6 தோட்டா.

2018-ல் வந்த சிக் பி365 அந்தக் கணக்கைக் கலைத்தது. ஒரே வரிசையாகவும் இல்லாமல், முழு இரட்டை வரிசையாகவும் இல்லாமல், தோட்டாக்கள் அடியில் லேசாக மாறிமாறி அமர்ந்து மேலே குவியும்படி மேகசினை வடிவமைத்தார்கள். குழல் 79 மி.மீ., உயரம் 109 மி.மீ., காலி எடை சுமார் 505 கிராம், அதற்குள் 10 தோட்டா. அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. 2021-ல் ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு பிளஸ் 10-ம் 13-ம் பிடிக்கும் மேகசின்களோடு வந்தது. இன்று முதல்முறை வாங்குகிறவருக்கு இந்த மூவர் அணியும் பி365 எக்ஸ்எல், க்ளாக் 43எக்ஸ் ஆகியவையும்தான் உள்ளபடியே ஆராய வேண்டிய வட்டம். விலையும் பெரும்பாலும் 500 டாலரைச் சுற்றியே நிற்கும்.

சுருக்கியதற்குக் கை கொடுக்கும் விலை

ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், கைக்கு வந்து சேரும் பின்னுதைப்பு ஆற்றல் இருமடங்கு. நிரப்பிய க்ளாக் 19 சுமார் 850 கிராம், நிரப்பிய பி365 சுமார் 640 கிராம். அதாவது உதைப்பு மூன்றில் ஒரு பங்கு அதிகம். பிடி குட்டையாக இருப்பதால் அதைத் தாங்கும் விரலும் ஒன்று குறைகிறது. சுண்டுவிரல் காற்றில் தொங்கும். இந்தச் சுண்டுவிரல் அற்பமானதல்ல. பிடியின் அடியை இழுத்துப் பிடித்து முனை மேலே துள்ளாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மேகசினின் அடியில் ஒரு நீட்டிப்பு மாட்டினால் விரலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் மறைக்கக் கடினமான பிடியை நீங்களே நீட்டிவிட்டீர்கள். அப்படி நீட்டித்தான் தீர வேண்டும் என்றால் ஒரு அளவு பெரியதையே வாங்கியிருக்கலாம்.

குறியிலும் இதே கதை. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே க்ளாக் 19-ல் சுமார் 153 மி.மீ., பி365-ல் சுமார் 130 மி.மீ. முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 மீட்டர் தொலைவில் குண்டு முதலாவதில் 46 மி.மீ. தள்ளிப் படும், இரண்டாவதில் 54 மி.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நெஞ்சு படபடக்கும்போது விலகுவது ஒரு மில்லிமீட்டரோடு நிற்பதில்லை. குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடியைத் துப்பாக்கியின் மேல் பொருத்தினால் இந்தக் குறை தீர்ந்துவிடும், புள்ளி எங்கே இருக்கிறதோ குண்டு அங்கே போகும். எனினும் அந்தப் புள்ளியைக் கண்ணாடிக்குள் உடனே கண்டுபிடிப்பதே தனிப் பயிற்சி. முதல் ஆயிரம் தோட்டாவுக்கு இரும்புக்குறியே, அதாவது அந்த முன்குறியும் பின்குறியுமே, போதும்.

கடையில் கையில் வாங்கியதும் முதல் வேலை: முனையை ஆளில்லாப் பக்கம் திருப்பி, மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதியான ஸ்லைடை இழுத்துப் பிடித்து, அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. விற்பவர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். அடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை பிடியின் உச்சியில் முட்டும்படி கையை மேலே ஏற்றிப் பிடியுங்கள். குழல் முழங்கையோடு நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்தப் பிடியை மாற்றாமல் ஆள்காட்டி விரல் விசையை எட்டுகிறதா பாருங்கள். விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதைப்பகுதி விசையின் நடுவில் பட வேண்டும். நுனி மட்டும்தான் எட்டுகிறதென்றால் துப்பாக்கி உங்களுக்குத் தடிமன். அழுத்தும்போது பக்கவாட்டில் தள்ளுவீர்கள். விரல் மடிப்பையும் தாண்டிப் போகிறதென்றால் துப்பாக்கி உங்களுக்குச் சின்னது. பெரிய கைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: பெருவிரல் ஸ்லைடு நிறுத்தியின் மேல் போய் உட்காரும். கடைசித் தோட்டா சுட்டபின் ஸ்லைடு திறந்து நிற்காமல் மூடிக்கொள்ளும். துப்பாக்கியில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவார்கள். கோளாறு பெருவிரலில்.

ஸ்லைடை இழுப்பது பலரைத் தடுமாற வைக்கும். சின்னத் துப்பாக்கி என்றால் இழுக்க லேசாக இருக்கும் என்ற எண்ணம் தலைகீழ். ஸ்லைடு இலேசாவதால் அதை அடக்க ஸ்பிரிங் கெட்டியாக வேண்டியிருக்கிறது. விரல் நுனியால் கிள்ளி இழுக்காதீர்கள். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, இடக்கையின் நாலு விரலும் உள்ளங்கையும் ஸ்லைடை மேலிருந்து கவ்வ, வலக்கை பிடியை முன்னால் தள்ள வேண்டும். தேங்காய் நாரை உரிக்கிறபோது இரு கையும் எதிரெதிராக வேலை செய்வதுபோல. இப்படியும் முடியாதவர்களுக்கு, மணிக்கட்டு வலியோ மூட்டுவாதமோ உள்ளவர்களுக்கு, ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஈஸி வரிசை இருக்கிறது. 2018-ல் .380 என்ற தோட்டா அளவிலும், 2020-ல் 9 எம்எம் அளவிலும் வந்தது. ஸ்லைடு உள்ளபடியே இலகு. அளவில் கொஞ்சம் பெரிது. அதனாலேயே சுடவும் சுகம்.

எந்தத் தோட்டா?

சந்தேகம் இருந்தால் 9 எம்எம். நீண்ட விவாதம் தேவைப்படாத இடம் இது. பயிற்சித் தோட்டா மலிவு, எங்கும் கிடைக்கும், தற்காப்புத் தோட்டாக்களில் அதிகம் சோதிக்கப்பட்டதும் அதுவே. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ தோட்டாக்களைச் சோதிக்கும் முறையை வகுத்தது: ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும். இடையில் பெரிய தோட்டாக்களுக்குப் போன அதே எஃப்பிஐ மீண்டும் 9 எம்எம்-முக்கே திரும்பிவிட்டது.

.380 ஏசிபி என்பது அதே விட்டத்தில் 2 மி.மீ. குட்டையான தோட்டா. உதைப்பு குறைவு என்று அதை வாங்கி ஏமாறுகிறவர்கள் பலர். தோட்டா வலிமை குறைந்ததுதான்; ஆனால் அதைப் போடும் துப்பாக்கி 270 கிராமாக இருந்தால் கணக்கு அடிபட்டுப்போகிறது. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் குழல் பூட்டிக்கொள்ளாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குவதால், இரும்பால் செய்த கனமான துப்பாக்கியாக இருந்தும் கையில் சுருக்கென்று அடிக்கும்.

பயிற்சிக்குச் செம்பு பூசிய உருண்டை முனைத் தோட்டா. இடுப்பில் இருப்பதற்குக் குழிமுனைத் தோட்டா. அது உடம்பில் பட்டதும் விரிந்து வேகத்தை இழக்கும், ஆளைத் துளைத்து அப்பால் போய்ப் பின்னால் நிற்கும் அந்நியரைத் தாக்கும் அபாயம் குறையும். குட்டைக் குழலில் குண்டின் வேகம் குறைவதால் சில குழிமுனைகள் விரியாமலே போகும். அதனால் குட்டைக் குழலில் சோதித்ததா என்று பார்த்து, 124 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் எடையுள்ளதில் தொடங்குங்கள்.

“பெண்களுக்கு ரிவால்வர்தான்”

கடைகளில் இன்னமும் கேட்கும் யோசனை இது. கழற்ற வேண்டாம், சிக்காது, எளிது என்று ஸ்மித் அண்ட் வெசன் 642 போன்ற ஐந்து தோட்டா ரிவால்வரைக் கையில் கொடுப்பார்கள். 1950-ல் தொடங்கிய அந்தக் குடும்பத்துக்குப் பெருமை உண்டு, குறையில்லை. ஆனால் தொடக்கக்காரருக்கு அது எளிதல்ல. விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். துப்பாக்கியின் எடையோ 410 கிராமைச் சுற்றித்தான். தன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கும்போது குழல் அசையாமல் இருக்க வேண்டும். நெடுங்காலம் பழகியவர் கையிலேயே அது நெளியும். குறி என்று மேலே இருப்பது ஒரு பள்ளமும் ஒரு சிறு மேடும். ஐந்து தோட்டா தீர்ந்தால் மறுபடி நிரப்புவது மெதுவான வேலை. பேன்ட் பை, கணுக்கால் என்று அதற்கென்று பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. நன்றாகப் பழகியவரின் இரண்டாவது துப்பாக்கியாக அது பிரமாதம்.

உறையும் பெல்ட்டும்

வேட்டியை வெறுமனே முடிந்துகொண்டு இடுப்பில் கைபேசியைச் செருகிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினால் என்ன நடக்குமோ, அதுதான் தொளதொள பெல்ட்டில் துப்பாக்கி மாட்டினாலும் நடக்கும். சாயும், சறுக்கும், அடிக்கடி கை போய்ச் சரிசெய்யும். அந்தக் கைதான் காட்டிக்கொடுக்கும். ஒன்றரை அங்குல அகலத்தில், முறுக்கினால் வளையாத கெட்டி பெல்ட் தேவை. துப்பாக்கிக்கு 500 டாலர் ஒதுக்கினால் உறைக்கும் பெல்ட்டுக்கும் 150 டாலராவது ஒதுக்குங்கள்.

உறையில் மூன்றைப் பாருங்கள். விசை முழுதாக மூடப்பட்டிருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் உள்ளே அசையக் கூடாது. துப்பாக்கியை உருவிய பின்னும் வாய் திறந்தே நிற்க வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கியை மாட்டித் தலைகீழாக உலுக்கினால் விழக் கூடாது. கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த உறை இந்த மூன்றிலும் தேறும். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று சொல்லும் மெத்துத் துணி உறை தேறாது. பழசாகித் தொய்ந்த தோலும் தேறாது. மடங்கிய தோலின் விளிம்பே உள்ளே போய் விசையை அழுத்தும்.

மாட்டும் இடம் உடம்பைப் பொறுத்தது. இடுப்பின் வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் என்பது வழக்கமான இடம், குனிந்தால் துருத்தும். தொப்புளுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே முன்பக்கம் வைத்தால் மறைவு அதிகம், உருவுவதும் வேகம். ஆனால் முனை தொடையையும் அடிவயிற்றையும் பார்த்திருக்கும். முன்பக்க உறைகளில் பெல்ட்டை முட்டிப் பிடியை உடம்புக்குள் திருப்பும் சிறு கொக்கி ஒன்று இருக்கும். அடியில் ஒரு பஞ்சு ஆப்பு முனையை வெளியே தள்ளிப் பிடியை உள்ளே சாய்க்கும். இவ்விரண்டும் இருந்தால் அரை அளவு பெரிய துப்பாக்கி மறையும். துப்பாக்கியைச் சுருக்கத் தேடுவதைவிட இது மலிவான வழி. பெல்ட் போடாத உடை அணியும் பெண்களுக்கு வயிற்றைச் சுற்றும் அகலப் பட்டை உண்டு. அதில் கெட்டி விசைமூடி உள்ளதாகப் பாருங்கள்.

விபத்து அதிகம் பதுங்கியிருப்பது துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் செருகும் நேரத்தில். சட்டை நுனியோ, குளிர்ச்சட்டைக் கயிற்றின் முடிச்சோ உறைக்குள் மாட்டி விசையைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் அழுத்தி இறக்குவீர்கள், வெடிக்கும். உருவுவதில் வேகம் வேண்டும். செருகுவதில் ஒரு அவசரமும் கிடையாது. இடக்கையால் சட்டையை முழுதாகத் தூக்கி நெஞ்சோடு பிடியுங்கள். ஆள்காட்டி விரலைச் சட்டகத்தின் மேல் நீட்டி வையுங்கள். முன்பக்கம் மாட்டுபவர் இடுப்பை முன்னே தள்ளி மேலுடம்பைப் பின்னே சாய்த்தால் முனை உடம்பை விட்டு விலகும். உறையின் வாயைக் கண்ணால் பார்த்து மெதுவாக இறக்குங்கள். ஏதாவது தடுத்தால் நிறுத்திவிட்டு வெளியே எடுங்கள்.

கைப்பையில் வைப்பதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய இரண்டு வயது மகன் துப்பாக்கியை எடுத்தான். அது வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்துத் தைத்த பை அது. உடம்பில் இல்லாத துப்பாக்கி பிறர் கைக்கு எட்டும்.

நம்புவதற்கு முன் சுட்டுப் பார்ப்பது

வாங்கும் முன்பே, வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் இரண்டு மூன்று மாடல்களைச் சுட்டுப் பாருங்கள். கடையில் கைக்குப் பொருந்தியது சுடும்போது பிடிக்காமல் போகலாம். வாங்கிய பிறகு 200 பயிற்சித் தோட்டாவும், இடுப்பில் வைக்கப்போகும் அதே வகைத் தோட்டா 50-ம், உங்களிடமுள்ள ஒவ்வொரு மேகசினையும் மாற்றி மாற்றிப் போட்டு, சிக்கலில்லாமல் போக வேண்டும். அதுவரை அது சுடுதளத்துத் துப்பாக்கிதான்.

சிக்கினால் முதலில் மணிக்கட்டைச் சந்தேகியுங்கள். ஸ்லைடு பின்னால் ஓடித் தோட்டாக்கூட்டை வெளியே எறிய வேண்டுமென்றால் சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்து சட்டகமும் கூடவே பின்னால் வந்தால் ஸ்லைடின் ஓட்டம் குறைந்து, காலிக் கூடு பாதி வெளியே வந்து புகைபோக்கிபோல் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். எடை குறைந்த துப்பாக்கியில் இது அதிகம். அப்போது செய்ய வேண்டியது: விரலை விசையிலிருந்து எடுத்து, மேகசினின் அடியில் ஓங்கித் தட்டி, ஸ்லைடை முழுதாகப் பின்னுக்கு இழுத்து விட்டுவிடுவது. கையோடு கூட்டிக்கொண்டுபோய் மூடாதீர்கள், ஸ்பிரிங்கே மூடட்டும்.

எந்த அளவு திறமை குறைந்தபட்சம் என்று கேட்டால், டெக்சஸ் உரிமத் தேர்வு ஒரு நல்ல தொடக்கக் கோடு: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10 என்று 50 தோட்டா, 250-க்கு 175 மதிப்பெண். அது தேர்ச்சிக் கோடுதான். உங்கள் சிறிய துப்பாக்கியில் 230-க்குக் கீழே போகிறதென்றால் இன்னும் பயிற்சி வேண்டும், அல்லது ஒரு அளவு பெரிய துப்பாக்கி வேண்டும்.

வீட்டிலும் வழியிலும்

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வாங்க நினைப்பவர் இந்த எண்ணை அறிந்துதான் வாங்க வேண்டும். வீட்டில் மனம் நொந்திருக்கும் ஒருவர் இருந்தால், பதின்பருவத்துப் பிள்ளை இருந்தால், இடுப்பிலிருந்து இறக்கிய நிமிடமே துப்பாக்கி பூட்டுக்குள் போக வேண்டும். கட்டில் காலோடு இரும்புக் கம்பியால் பிணைத்த சிறு எஃகுப் பெட்டி போதும். மலிவான கைரேகைப் பெட்டிகளைவிட, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு நம்பகமானது, பேட்டரி தீராது. காரின் முன்பெட்டி பெட்டகம் அல்ல.

தினமும் இரவில் தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி அறைக்குள் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏறும் ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு சரிவில் மோதுகிறது. நாளடைவில் குண்டு கூட்டுக்குள் அமுங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும், துப்பாக்கிக்கே ஆபத்து. எடுத்த தோட்டாவின் அடியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். புதிய தோட்டாவோடு சேர்த்து நிமிர்த்தி வைத்து உயரத்தைப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவே வேண்டாம், சுடுதளத்தில் அதற்கென உள்ள கழிவுப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கோடு விழுந்ததும், உயரம் சரியாக இருந்தாலும், அந்தத் தோட்டாவைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம். இதைவிட நல்லது, உறையோடு சேர்த்தே இடுப்பிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைப்பது. தோட்டாவையும் தொட வேண்டாம், விசைக்கும் யாரும் போக முடியாது.

சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். தையல் மடிப்பில் ஒரு தோட்டா எளிதில் ஒளிந்துகொள்ளும். அந்தப் பையோடு ஊருக்குக் கிளம்பி, சென்னை விமான நிலையத்து ஸ்கேனரில் அது தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் ஒற்றைத் தோட்டாவே வழக்காகிவிடும். சுடுதளப் பைக்கு ஒரு நிறம், பயணப் பைக்கு வேறொரு நிறம் என்று வைத்துக்கொண்டால் அவசரத்தில் கை மாறாது.